“எனக்கு வரையவே வராது” என்பவர்களுக்கும் ஓவிய நாட்குறிப்பு: தேயிலைத் தோட்டத்து நினைவுகளை நோட்டில் சேர்ப்பது எப்படி?

கேமரன் மலையில் திரிங்காப்பைத் தாண்டி கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில் வருகிறது கோலா தெர்லா. காரை நிறுத்தாமல் போகிறவர்களுக்கு அது சில கடைகளும், சரிவெங்கும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளும்தான். இந்த வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டால் கதையே வேறு. எந்த லயத்தில் யார் வீடு, காலையில் பெரட்டுக்குக் கூடிய இடம் எது, ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, திருவிழாவுக்குப் பந்தல் போட்டது எந்த மேட்டில் என்று மளமளவென்று சொல்லிவிடுவார்கள். இதெல்லாம் எங்காவது காகிதத்தில் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால், கேமரன் மலைத் தேயிலைக்கு நூறு வயது நெருங்குகிறது. அந்த மலைகளில் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். இப்போது கூடையும் கத்திரியுமாக மலையில் நிற்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். பழைய லயத்தை நேரில் பார்த்தவர்களுக்கு வயது எழுபது, எண்பது ஆகிவிட்டது.

‘ஆர்ட் ஜர்னலிங்’ எனப்படும் ஓவிய நாட்குறிப்பைப் பொழுதுபோக்காகத் தொடங்க நினைப்பவர்கள் அதை இந்தக் கோணத்திலிருந்தும் யோசித்துப் பார்க்கலாம்.

ஓவிய நாட்குறிப்பு என்றால் என்ன?

படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் சேர்ந்திருக்கும் சொந்த நோட்டு. அவ்வளவுதான். அன்றைக்குப் பார்த்த ஒரு செடி, குடித்த தேநீர்க் கோப்பை, ஒட்டிவைத்த மிட்டாய்த் தாள், பக்கத்தில் நான்கு வரி. நாட்குறிப்பு போல தினமும் எழுத வேண்டியதில்லை. ஓவியம் போல சட்டம் போட்டு மாட்ட வேண்டியதும் இல்லை.

பெயர் புதிதாக இருக்கலாம், பழக்கம் நமக்குப் புதிதல்ல. நம் அம்மாக்களில் எத்தனை பேர் கோல நோட்டு வைத்திருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளி நோட்டில் புள்ளி வைத்து, “15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை” என்று ஓரத்தில் குறித்து, இது பொங்கலுக்கு, இது மார்கழிக்கு என்று பிரித்து வைத்திருப்பார்கள். வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியதும் அதில் இருக்கும்; நடுவில் ஒரு மளிகைக் கணக்கும் இருக்கும். அதுவும் ஓவிய நாட்குறிப்புதான். யாரும் அதை அப்படி அழைக்கவில்லை, பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம்.

கொஞ்சம் பெரிய அளவில் இதைச் செய்தவர் மதுரைக்காரர் மனோகர் தேவதாஸ். தொழிலால் வேதியியலாளர், ஓவியம் தானாகக் கற்றுக்கொண்டது. பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரை நோய் இருந்தும், தான் சிறுவனாகப் பார்த்த மதுரையைப் பேனாவும் மையும் கொண்டு நுணுக்கமாக வரைந்து, நினைவுகளோடு சேர்த்துப் புத்தகங்களாக்கினார். 2020-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. 2022 டிசம்பரில் அவர் காலமானார். இன்று இல்லாத ஒரு மதுரையை அந்தக் கோடுகளில் பார்க்க முடிகிறது.

“எனக்குத்தான் வரையவே வராதே?”

இந்தக் கேள்வியோடுதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். இதற்கு ஓர் ஆய்வு ஓரளவு பதில் சொல்கிறது. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 39 பெரியவர்கள் கலந்துகொண்டனர். 45 நிமிடம் வரைவது, களிமண் பிடிப்பது, படம் ஒட்டுவது என்று விருப்பப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். மனஅழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசோல் என்ற ஹார்மோனின் அளவு சுமார் 75 விழுக்காட்டினருக்குக் குறைந்திருந்தது. முன்பே ஓவியம் பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

சிறிய ஆய்வுதான். இதை வைத்துக்கொண்டு “வரைந்தால் நோய் தீரும்” என்று சொல்லிவிட முடியாது. நீண்டநாள் மனச்சோர்வு, தூக்கமின்மை போன்ற சிக்கல் இருந்தால் போக வேண்டிய இடம் கிளினிக். ஆனால் கை பழகாததால் பயன் கிடைக்காது என்ற பயத்தை விட்டுவிடலாம்.

என்ன வாங்க வேண்டும்?

குறைவாக வாங்குங்கள். காணொளிகளில் வருகிற நாற்பது நிறப் பேனாவும் மினுமினுப்பு ஒட்டுத்தாளும் வாங்கினால், அவற்றைப் பயன்படுத்தத் தகுதியான ‘நல்ல’ பக்கத்துக்காகக் காத்திருந்தே ஆறு மாதம் ஓடிவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு பென்சில், ஒரு பால்பாயின்ட் பேனா, ஒரு நோட்டு போதும். பால்பாயின்ட் மை எண்ணெய் சார்ந்தது என்பதால் அதன்மேல் நீர்வண்ணம் பூசினாலும் பெரும்பாலும் கலையாது. ஜெல் பேனா பல நேரம் ஊறிப் பரவிவிடும். நீர்வண்ணம் வேண்டுமென்றால் தாளின் எடையைக் கவனியுங்கள். சாதாரண எழுத்து நோட்டின் தாள் சதுர மீட்டருக்கு 60 முதல் 80 கிராம்தான், தண்ணீர் பட்டால் சுருங்கும். 200 கிராமுக்கு மேல் உள்ள தாள் தாங்கும். பிள்ளைகள் பள்ளியில் பயன்படுத்தும் டிராயிங் பிளாக் இரண்டுக்கும் நடுவில். தண்ணீர் குறைவாகத் தொட்டால் சமாளிக்கும். வண்ணத்துக்கு வீட்டில் கிடக்கும் பழைய பன்ச்சோ டியூப்களே தாராளம்.

முதல் பக்கம்: ஒரே ஒரு கொழுந்து

மலை முழுவதையும் வரைய உட்காராதீர்கள். ஒரு கொழுந்து போதும்: நுனியில் ஒரு மொட்டு, அதன் கீழே இரண்டு இளம் இலைகள். கண் இலையின் ஓரத்தில் மெதுவாக நகரட்டும், பென்சிலும் அதே வேகத்தில் நகரட்டும். இரண்டு நிமிடம் தாளைப் பார்க்கவே கூடாது. முடிவில் கிடைப்பது கோணல்மாணலாகத்தான் இருக்கும், சிரிப்புகூட வரும். ஆனால் இதுவரை கவனிக்காதது கண்ணில் பட்டிருக்கும்: இலையோரத்தின் சின்னச் சின்ன ரம்பப் பற்கள், மொட்டின்மேல் வெள்ளிப் பூனைமயிர், எதிரெதிராக முளைக்காமல் மாறி மாறி முளைக்கும் இலைகள்.

அடுத்து நிறம். தேயிலை மலையை ஒரே பச்சையில் அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. புதுத் துளிரில் மஞ்சள் அதிகம். அடியில் இருக்கும் முதிர்ந்த இலை நீலம் கலந்த கரும்பச்சை. மஞ்சளோடு நீலத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி ஐந்து பச்சைகள் செய்து கட்டம் கட்டமாகப் பூசிப் பாருங்கள். அதுவே ஒரு பக்கம் ஆகிவிட்டது. ஓரத்தில் தேதி, நேரம், பனி இருந்ததா மழையா என்று எழுதிவிடுங்கள். தேதி போடாத பக்கம் பத்து வருடம் கழித்துக் குழப்பும்.

தோட்டங்கள் தனியார் நிலம், அனுமதி கேட்டே உள்ளே போக வேண்டும். வேலை செய்கிறவர்களை வரைவதென்றால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

பாட்டியின் லயத்தை வரைபடமாக்குங்கள்

இந்த நோட்டில் ஒரே ஒரு பக்கம்தான் வரையப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

“பாட்டி, தோட்டம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்துச்சுய்யா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். “தண்ணிக் குழாய் எங்க இருந்துச்சு?” தாளின் நடுவில் குழாயை வரையுங்கள். “குழாய்க்கு வலப்பக்கம் யார் வீடு?” ஒரு கட்டம், அதற்குள் பெயர். “கோயிலுக்குப் போக எந்தப் பக்கம் திரும்பணும்?” ஐந்தாறு கேள்விக்குள் அவர் உங்கள் கையிலிருந்து பென்சிலை வாங்கிவிடக்கூடும். “இல்ல இல்ல, கோயில் மேட்டுல” என்று அவர் திருத்துவதுதான் இந்தப் பக்கத்தின் உயிர். தவறான கோட்டை அழிக்காதீர்கள். அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதைப் போடுங்கள், அவர் சொன்ன சொல்லையும் அப்படியே எழுதுங்கள். கிராணி, தண்டல், பெரட்டு, ஆயாக்கொட்டகை போன்ற சொற்கள் இன்றைய பிள்ளைகளின் பேச்சில் இல்லை. அவற்றைப் படத்தோடு சேர்த்து வைத்தால்தான் பொருள் புரியும்.

அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. அவர் நினைவில் கோயில் பெரிதாக இருந்தால் பெரிதாகவே இருக்கட்டும்.

வரைபடம் என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. கேமரன் மலைக்குத் தன் பெயரைக் கொடுத்த வில்லியம் கேமரன் 1885-இல் நில அளவைப் பயணமாக இங்கே வந்தார். கண்ட இடத்தைப் பற்றி எழுதினார், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் சரியாகக் குறிக்காமல் விட்டுவிட்டார் என்பார்கள். மலைவாழிடமாக இது வளரத் தொடங்கியது 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான்.

தேயிலைச் சாயமே வண்ணமாகுமா?

ஆகும். திக்கான தேநீரை ஆறவிட்டுத் தூரிகையால் பூசினால் இளம்பழுப்பு கிடைக்கும். காய்ந்தபின் மறுபடி மறுபடி பூசினால் நிறம் ஆழமாகும். கறுப்பு வேண்டுமா? இரும்பு ஆணியைச் சில நாள் காடியில் ஊறவைத்து, அந்த நீரில் சில சொட்டுகளைத் தேநீரில் விடுங்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து சாம்பலும் கறுப்புமாக மாறும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஆவணங்கள் எழுதப் பயன்பட்ட மையும் இதே வேதியியல்தான். ஒரு எச்சரிக்கை: இந்த மை அமிலத்தன்மை கொண்டது, நாளடைவில் தாளை அரிக்கும். தனித் தாளில் செய்து பாருங்கள், பாட்டியின் வரைபடத்தில் வேண்டாம்.

மஞ்சள்தூளும் அழகான நிறம் தரும், ஆனால் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். குங்குமம் செய்யும் அதே ரகசியம்.

தோட்டத்துப் பொருளையே கலையாக்குவதற்கு இலங்கை மலையகத்தில் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் பயன்படுத்திய தேயிலைப் பைகளையும் தேநீர் வடிகட்டிகளையும் கொண்டே தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைப் பேசும் படைப்புகளைச் செய்கிறார்.

மலை ஈரத்தில் நோட்டைக் காப்பாற்றுவது

சமவெளியில் வாழ்பவர்களுக்கான குறிப்புகளில் இது இருக்காது. கேமரன் மலையில் பூசிய வண்ணம் காய நேரம் எடுக்கும். பாதி ஈரத்தில் மூடினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பூஞ்சணம். தலைமுடி உலர்த்தியை மிதமான சூட்டில் காட்டலாம். நோட்டைச் சிமெண்ட் சுவரை ஒட்டி வைக்காமல், காலணிப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வரும் ஈர உறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

ஒட்டுவதற்குக் கஞ்சிப்பசை வேண்டாம், பூச்சி வரும். வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். பழைய குடும்பப் புகைப்படத்தின் அசலை ஒட்டவே ஒட்டாதீர்கள், நகல் எடுத்து ஒட்டுங்கள். கடை ரசீது, பேருந்துச் சீட்டு பலவும் வெப்பத்தில் அச்சாகும் தாள். சில வருடத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ஒட்டும்போதே விவரத்தைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். முடிந்த பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பிவைப்பது பாதுகாப்பு.

சமூக ஊடகத்தில் போடலாமா?

உங்கள் விருப்பம். கொழுந்தும் கோப்பையும் என்றால் தயங்க வேண்டியதில்லை. வரைபடப் பக்கத்தில் அக்கம்பக்கத்தார் பெயர், யார் வீட்டுச் சண்டை, யார் கடன் எல்லாம் வந்துவிடும். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள். பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள், அல்லது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். யாருக்கும் காட்டப் போவதில்லை என்று முடிவு செய்தால் கையும் கொஞ்சம் துணிச்சலாக ஓடும்.

எவ்வளவு அடிக்கடி? வாரத்துக்கு ஒரு பக்கம், இருபது நிமிடம் போதும். இடையில் ஒரு மாதம் விட்டுப்போனால் காலிப் பக்கங்களை விடாமல் அடுத்த பக்கத்திலேயே தொடருங்கள். பாட்டி, தாத்தாவைப் பார்க்கத் தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ மலையேறும்போது நோட்டு பையில் இருக்கட்டும். முதல் கேள்வி, தண்ணிக் குழாய் எங்கே இருந்தது என்பது.