விலக்கிலிருந்து பதிவேட்டுக்கு: இங்கிலாந்து உள்ளாட்சிச் சட்டங்களில் நலன் முரண் விதிகளின் வளர்ச்சி

ஊராட்சியின் வேலையை ஒப்பந்தம் எடுத்து நடத்திக்கொண்டிருப்பவர் அந்த ஊராட்சி மன்றத்தில் உறுப்பினராக முடியாது என்கிறது 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு. சில விதிவிலக்குகளையும் அது தருகிறது. ஊராட்சியின் விளம்பரம் வெளியாகும் செய்தித்தாளில் ஒருவருக்குப் பங்கு இருந்தால், அந்தக் காரணத்துக்காக மட்டும் அவர் தகுதி இழப்பதில்லை. நிலக் குத்தகைக்கும் நில விற்பனைக்கும் இதே சலுகை உண்டு. சிற்றூர் ஒன்றின் மன்றத்துக்கு எழுதப்பட்ட சட்டத்தில் செய்தித்தாள் விளம்பரம் ஏன் வருகிறது? இந்த வாசகத்தின் தடம் சென்னை மாகாண உள்ளாட்சிச் சட்டங்கள் வழியாக, இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டு நகராண்மைக் கழகச் சட்டத்தின் 12ஆம் பிரிவுக்குப் போகிறது. நிலம், கடன், செய்தித்தாள் ஆகிய விதிவிலக்குகள் அங்கேயே அடுத்தடுத்து நிற்கின்றன.

நம் சட்டத்தின் பிறப்பிடம் இங்கிலாந்து என்பது புதுச் செய்தி அல்ல. அந்தத் தாய்ச்சட்டத்தின் அணுகுமுறையை இங்கிலாந்தே 1933இல் கைவிட்டது என்பதைத்தான் நம் ஆய்வுகள் போதுமான அளவு கவனிக்கவில்லை. ஆதாயம் உள்ளவரை வெளியே நிறுத்துவதிலிருந்து, அவருடைய ஆதாயத்தை எழுதி ஊரார் முன் வைப்பதற்கு அந்நாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு நகர்ந்தது. அந்த நகர்வில் நாம் பெற்றுக்கொண்டது முதல் கட்டத்தை மட்டுமே.

1833இல் நியமிக்கப்பட்ட அரச ஆணையம் இங்கிலாந்தின் பழைய நகராண்மைக் கழகங்களை ஆராய்ந்தபோது, பல ஊர்களில் கழகத்தின் நிலமும் வீடும் உறுப்பினர்களுக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும் அடிமாட்டு வாடகையில் போயிருந்தது வெளிப்பட்டது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் தந்த மருந்து நேரடியானது: மன்றத்தோடு ஒப்பந்தத் தொடர்பு உள்ளவர் உறுப்பினராகத் தகுதி அற்றவர். 1882ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி ஏறியது. தனக்கோ தன் தொழில் கூட்டாளிக்கோ பண நலன் உள்ள பொருளில் உறுப்பினர் விவாதிக்கவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது என்றது.

இந்த விதிகள் ஒப்பந்தத்தை மட்டும் பார்த்தன. ஒப்பந்தத்துக்கு வெளியேயும் ஆதாயம் உண்டு என்பதை லண்டன் காட்டியது. 1855இல் அமைந்த லண்டன் பெருநகர் பணிகள் வாரியத்தின் உறுப்பினர்களில் கட்டடக் கலைஞர்களும் இருந்தார்கள். நாடக அரங்குகளின் வரைபடங்களுக்கு ஒப்புதல் தருவது வாரியம். அந்த வரைபட வேலைகளுக்காக அரங்கு உரிமையாளர்கள் கட்டணம் கொடுத்து அமர்த்திக்கொண்டவர்களில் இதே உறுப்பினர்களும் இருந்தார்கள். இவர்கள் வாரியத்தோடு எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் வாரியத்தில் அவர்கள் வகித்த இடம்தான் அவர்களின் தொழிலுக்கு மதிப்பைக் கூட்டியது. 1888இல் அரச ஆணையம் விசாரித்தது. மறு ஆண்டு வாரியத்தின் இடத்துக்கு லண்டன் கவுன்ட்டி மன்றம் வந்தது. அதே 1889இல் பொது அமைப்புகளில் லஞ்சத்தைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. லஞ்சத்துக்குத் தண்டனை கிடைத்தாலும், லஞ்சம் என்று பெயர் சூட்ட முடியாத ஆதாயம் அப்படியே நீடித்தது.

1933ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம்தான் உண்மையான திருப்பம். ஒப்பந்த நலனைத் தகுதியிழப்புகளின் பட்டியலிலிருந்து அது எடுத்துவிட்டது. சிறு நகரத்தில் மன்றத்துக்கு ஆணியும் சுண்ணாம்பும் விற்கும் கடைக்காரரைப் பொதுவாழ்விலிருந்தே ஒதுக்குவது மன்றத்துக்குத்தான் இழப்பு. எனவே 76ஆம் பிரிவு வேறு வழியைச் சொன்னது. உறுப்பினர் தன் பண நலனைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அந்தப் பொருளில் பேசவோ வாக்களிக்கவோ கூடாது. சேர்ந்து வாழும் கணவன் மனைவியரில் ஒருவரின் நலன், மற்றவருக்குத் தெரிந்திருந்தால், அவருடைய நலனாகவும் கொள்ளப்பட்டது. சொன்னதை மன்றச் செயலர் ஒரு புத்தகத்தில் குறித்துவைக்க வேண்டும். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை மன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே இருந்தது. வரி கட்டுபவருக்கு இல்லை. இந்தச் சிறு வரியின் விலை நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

நீதிமன்றங்கள் இந்தப் பிரிவைத் தளர்வாகப் படிக்கவில்லை. 1958இல் முடிவான வழக்கு ஒன்றில், கட்டுமான நிறுவனம் நடத்திய ஒரு கவுன்சிலர் இனி மன்றத்தின் வேலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி தருவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தார். மன்றம் தன் சொந்தக் கட்டுமானப் பிரிவை விரிவாக்குவது பற்றிய விவாதத்தில் அவர் கலந்துகொண்டார். அந்த முடிவை அவர் நாளை மாற்றிக்கொள்ளலாம், எனவே நலன் நீடிக்கிறது என்று கூறித் தண்டனையை நீதிமன்றம் உறுதிசெய்தது. கடுமையான தீர்ப்புதான். ஆனால் சட்டம் காக்க முனைவது உறுப்பினரின் மனத்தூய்மையை அல்ல, முடிவின்மீது ஊர் வைக்கும் நம்பிக்கையை என்பதால் இதைச் சரியான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன்.

பான்டிஃப்ராக்ட் நகரக் கட்டடக் கலைஞர் ஜான் பூல்சன் இந்த ஏற்பாட்டையே உடைத்தார். வட இங்கிலாந்தில் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதுப் பள்ளிகளும் வீடுகளும் எழுந்த காலம் அது. நியூகாசில் மன்றத்தின் தலைவராக 1960 முதல் 1965 வரை இருந்த டி. டான் ஸ்மித் மக்கள் தொடர்பு நிறுவனங்கள் நடத்தினார். வெவ்வேறு மன்றங்களின் கவுன்சிலர்களுக்கு அந்த நிறுவனங்கள் ஆலோசகர் என்ற பெயரில் பணம் கொடுத்தன. அவர்கள் தத்தம் மன்றங்களில் பூல்சனின் நிறுவனத்துக்காகப் பேசினார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் பூல்சனிடமிருந்து ஸ்மித் பெற்றது 1,56,000 பவுண்டு. இதை வெளியே கொண்டுவந்தது எந்த மன்றத்தின் புத்தகமும் அல்ல, 1972இல் நடந்த பூல்சனின் திவால் விசாரணை. கொடுத்த பணத்துக்கெல்லாம் அவர் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தார். காவல்துறைக்குப் பொறுப்பான உள்துறை அமைச்சர் ரெஜினால்டு மாட்லிங், பூல்சனுடன் தமக்கிருந்த தொழில் தொடர்பால் பதவி விலகினார். 1974இல் பூல்சனும் ஸ்மித்தும் சிறை சென்றார்கள்.

அதே ஆண்டில் ரெட்கிளிஃப்-மாட் குழு, உறுப்பினர்களின் நலன்களுக்கு மக்கள் பார்வையிடக்கூடிய கட்டாயப் பதிவேடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. உறுப்பினர் கூட்டத்தில் வாய்திறந்து சொல்வதை மட்டும் நம்பிய முறையில், சொல்லாதவரைப் பிடிக்க யாரிடமும் எதுவும் இல்லை. முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பட்டியல் இருந்தால் விடுபட்டது தெரியும். எளிய இந்தச் சீர்திருத்தம் சட்டமாக 18 ஆண்டுகள் ஆயின. 1986இல் விடிகோம்ப் குழு அறிக்கை தந்தது, 1989ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தந்தது, 1992ஆம் ஆண்டு விதிகள் பதிவேட்டை மக்களுக்குத் திறந்தன. வேலை, நிலம், ஒப்பந்தம், நிறுவனப் பங்குகள் ஆகியவற்றை உறுப்பினர் எழுத்தில் தர வேண்டியதாயிற்று.

2000ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய தரநிலை வாரியத்தின் கீழ், உறவினர்களும் நண்பர்களும் அடைந்த நன்மைகூட உறுப்பினரின் நலனாகக் கொள்ளப்பட்டது. சில்லறைப் புகார்கள் குவிந்தன. 2011ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் அந்த வாரியத்தைக் கலைத்து வட்டத்தைச் சுருக்கியது. உறுப்பினர், அவருடைய வாழ்க்கைத்துணை ஆகிய இருவரின் பண நலன்களே கட்டாயம் அறிவிக்க வேண்டியவை ஆயின. பொறுப்பேற்ற 28 நாள்களில் எழுதித் தர வேண்டும், மன்றம் அதை இணையத்தில் வெளியிட வேண்டும், மறைப்பது குற்றம். அந்தக் குற்றப் பிரிவை நீக்கிவிடலாம் என்று 2019இல் பொதுவாழ்வுத் தரநிலைக் குழு பரிந்துரைத்தது. பதிவேடு வேண்டாம் என்று அக்குழு சொல்லவில்லை.

உறவினர்கள் விஷயத்தில் இங்கிலாந்தின் அனுபவம் நமக்குப் போதாது. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய சகோதரர், மாமனார், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என ஒரு நீண்ட வரிசையையும் குடவோலைக்கு ஆகாதவர்கள் என ஒதுக்கின. அதை வெளிப்படுத்தல் விதியின் முன்னோடி என்று கொண்டாடுவது சரியாகாது, அதுவும் விலக்கு முறைதான். ஆனால் ஆதாயம் நம் ஊர்களில் எந்த உறவுகளின் வழியே ஓடும் என்பதை எழுதியவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

இன்றைய 37ஆம் பிரிவு ஒப்பந்ததாரரைத் தடுக்கிறது. அதனால் ஒப்பந்தம் மச்சான் பெயருக்கோ, ஒரு பினாமியின் பெயருக்கோ மாறுகிறது. ஆதாயத்தைச் சொன்னால் பதவி போகும் என்ற நிலையில் யாரும் சொல்லப்போவதில்லை. வேட்பாளர் தரும் உறுதிமொழிப் பத்திரம் இந்த இடைவெளியை நிரப்பாது. அது தேர்தலுக்கு முந்தைய ஒருநாள் நிலையைக் காட்டுவது. மூன்றாம் ஆண்டில் சாலைப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி திறக்கும்போது, அதில் யாருக்கு என்ன தொடர்பு என்று அந்தப் பத்திரம் சொல்லாது.

எனவே தமிழ்நாட்டுக்குத் தேவை 1882இன் விலக்கோடு 1992இன் பதிவேடும், அதில் நம் உறவுமுறைக்கு ஏற்ற பட்டியலும். தலைவர், உறுப்பினர், ஊராட்சிச் செயலர் ஆகியோர் தங்கள் நிலம், தொழில், ஒப்பந்தம் எடுக்கும் உடன்பிறந்தோர், சம்பந்திகள் ஆகிய விவரங்களை எழுதித் தந்து, மாற்றம் வரும்போதெல்லாம் திருத்த வேண்டும். இதைப் படிக்கத் தனி அமைப்பு எதுவும் தேவையில்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய கிராம சபையில் வரவு செலவு ஏற்கெனவே படிக்கப்படுகிறது. பதிவேட்டையும் அதே கூட்டத்தில் வைத்து, பணி ஒப்பந்தம் பெற்றவர்களின் பெயர்களோடு சேர்த்து வாசிக்க ஊராட்சி விதிகளில் ஒரு திருத்தம் போதும்.