தாதிமை ஆய்வில் நிகழ்வியல்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கிரிமியப் போரில் மாண்ட படைவீரர்தம் எண்ணிக்கையை 1858இல் வரைபடங்களாக்கிக் காட்டியவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். தாதிமை ஆய்வின் தொடக்கம் இவ்வாறு எண்களோடு பிணைந்ததாகும். ஆயினும், நோயுற்றவர் தம் நோயோடு எங்ஙனம் வாழ்கின்றார் என்னும் வினாவிற்கு எண்கள் மட்டும் விடை தருவதில்லை. அவ்விடையைத் தேடித் தாதியர் மெய்யியலை நாடிய வரலாற்றையும், அதனால் எழுந்த கருத்து வேறுபாட்டையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

நெறி வந்த வழி

பொருள்கள் நம் உணர்வில் தோன்றுமாற்றை உள்ளவாறே விளக்க முயலும் மெய்யியலே நிகழ்வியல். கணிதம் பயின்ற எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் 1900–1901இல் வெளியிட்ட 'தருக்க ஆய்வுகள்' இதற்கு அடித்தளமிட்டது. முற்கோள்களை அடைப்புக்குறிக்குள் இடுவதுபோல் ஒதுக்கிவைத்து நோக்குதல் அவர் வகுத்த முறை. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் அவருக்குப்பின் அவர்தம் இருக்கையைப் பெற்ற மார்ட்டின் ஹைடெகர் இதனின்றும் வேறுபட்டார். உலகினுள் வாழும் மனிதனால் முற்கோள்களை முற்றும் களைய இயலாது. அவற்றின் வழியாகவே அவன் பொருள்கொள்கின்றான் என்பது அவர் 1927இல் வெளியிட்ட 'இருப்பும் காலமும்' நூலின் கருத்தாகும்.

இவ்விரு கிளைகளும் அமெரிக்கத் தாதிமையை அடைந்தன. ஜோசஃபின் பேட்டர்சன், லொரெட்டா ஸ்டெராட் ஆகிய இருவரும் 1976இல் 'மானுடத் தாதிமை' என்னும் நூலை வெளியிட்டனர். டுகேன் பல்கலைக்கழக உளவியலாளர் அமேடியோ ஜியோர்ஜி ஹுஸ்ஸெர்லின் முறையைக் களஆய்வுக்கேற்ப அமைத்தார். பட்ரீசியா பென்னரோ, ஹைடெகரைத் தழுவி, தாதியர் கூறிய பணி அனுபவங்களினின்றும் அவர்தம் திறன் வளருமாற்றை 1984இல் விளக்கினார்.

க்ராட்டியின் மறுப்பு

தாதியர் செய்வது ஹுஸ்ஸெர்லின் நிகழ்வியல் அன்று என 1996இல் மறுத்தவர் மைக்கேல் க்ராட்டி. ஐரோப்பிய நிகழ்வியல் அனுபவத்தில் தோன்றும் பொருளை நோக்கியது. தாதியரோ அனுபவிப்பவரின் அகவுணர்வைத் தொகுக்கின்றனர் என்பது அவர் வாதம். மறுஆண்டு ஜான் பேலியும் இதையொத்த ஐயத்தை எழுப்பினார். இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும், பெயர் பொருந்தாமையால் நோயாளியின் கூற்று பயனற்றதாகிவிடாது. ஆய்வாளர் தாம் எக்கிளையைப் பின்பற்றுகின்றார் என்பதைத் தெளிவுறுத்தி, தம் முடிவிற்கு அதன் அளவிலேயே உரிமை கோருதல் முறையாகும்.

முடிவுரை

இந்நெறியின் அடிப்படைச் சான்று மொழியே. தமிழ் பேசும் நோயாளி குத்தல், கடுப்பு, எரிச்சல், குடைச்சல் எனப் பிரித்துரைப்பதை 'வலி' என்னும் பொருள்படும் ஒரே பிறமொழிச் சொல்லால் பெயர்த்தெழுதினால், ஆய்வு தொடங்குமுன்பே சான்று சிதைந்துவிடும். ஆகவே, நோயாளியின் சொல்லை அவர் சொன்னவாறே பதிவுசெய்தல் இவ்வாய்வின் முதற்கடமையாகும். அதற்குத் தாதியரோடு மொழியாசிரியரும் துணைநிற்றல் வேண்டும்.