ரேடியோவைக் கழற்றினால் பெல்ட் மணி அடிக்காது!

கார் ஸ்டீரியோவை மாற்றுவது அரைமணி நேர வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் வரலாற்றைப் படித்த பிறகுதான், இது பாட்டு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை என்று புரிந்தது.

ஆரம்பத்தில் ரேடியோ காருக்கு ஒரு விருந்தாளிதான். 1930-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு நடந்தது. உள்ளே கடை போட வழியில்லாத பால் கால்வின், தன் ஸ்டூட்பேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, வெளியே நிறுத்திப் பாடவிட்டு ஆர்டர் பிடித்தார். அதுதான் மோட்டோரோலா. கார் செய்தவர் ஒருவர், ரேடியோ செய்தவர் வேறொருவர்.

1984-ல் ஜெர்மனியில் 'டின்' தரம் வந்தது. டேஷ்போர்டில் ரேடியோவுக்கான இடம் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். பிறகு இதுவே ஐ.எஸ்.ஓ. 7736 ஆனது. எந்தக் கம்பெனி செட்டையும் அதில் செருகலாம். ஒரே ஒரு அளவு, ஒரு பெரிய சந்தையையே திறந்துவிட்டது! நம் காமர்ஸ் பாடத்தில் சேர்க்க வேண்டிய உதாரணம் இது.

ஆனால் அதே எண்பதுகளில் இன்னொன்றும் தொடங்கியது. 1986-ல் பாஷ் நிறுவனம் 'கேன்' என்ற முறையை அறிமுகம் செய்தது. காரின் பாகங்கள் ஒரே ஒயர் ஜோடியில் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை. இப்படிப்பட்ட இணைப்புகள் பெருகப் பெருக, விருந்தாளி வீட்டு ஆளாகிவிட்டது.

உதாரணம், 2003 செவ்ரோலே சில்வராடோ. சீட் பெல்ட் மணி ரேடியோ வழியாகத்தான் ஒலிக்கும். சாவி திருப்பப்பட்டதும் ரேடியோவுக்கு டேட்டாவாகத்தான் தெரியும், தனி ஒயர் கிடையாது. ரேடியோவைக் கழற்றினால் எச்சரிக்கை மணியும் ஊமையாகிவிடும்.

இதற்காகவே அடாப்டர் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. அவை ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. காரின் செய்தியைப் படித்து, புது ஸ்டீரியோவுக்குப் புரிகிற மின்சாரமாகக் கொடுக்கும். மணியையும் திரும்ப ஒலிக்க வைக்கும்.

கார் வாங்கியபோதே காசு கொடுத்து வாங்கிய மணி அது. அதைக் காப்பாற்ற இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. 50 மி.மீ. ஓட்டை கொடுத்த சுதந்திரத்தை, அதன் பின்னால் இருக்கும் ஒயர் வாங்கிக்கொண்டது.

ஆகவே நண்பர்களே, ஸ்டீரியோ மாற்றும்முன் கடைக்காரரிடம் "இது உட்காருமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதைக் கழற்றினால் வேறு எதெல்லாம் நிற்கும்?" என்றும் கேளுங்கள்.