சிறுவர் படநூல்களில் ரோசா பார்க்ஸ்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தைச் சிறுவர்க்கு எடுத்துரைக்குங்கால், ரோசா பார்க்ஸ் களைத்துப்போன ஒரு தையற்பெண்ணாக மட்டுமே காட்டப்படுவதுண்டு. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையர்க்கு இருக்கையை விட்டுத்தர மறுத்தமைக்கு உடற்சோர்வு காரணமன்று என்பதை அவரே 1992-இல் வெளியான தம் தன்வரலாற்றில் தெளிவுபடுத்தியுள்ளார். 1943 முதல் அவர் கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் நகரக் கிளையில் செயலாளராகப் பணியாற்றியவர். மேலும், 1955 மார்ச் 2 அன்றே கிளாடெட் கால்வின் என்னும் 15 வயது மாணவி அந்நகரில் இவ்வாறே மறுத்துக் கைதாகியிருந்தார். பார்க்ஸ் கைதான இரவில், மகளிர் அரசியல் மன்றத் தலைவர் ஜோ ஆன் ராபின்சன் பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் படியெடுத்தார். 381 நாள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பு இத்தகைய கூட்டுழைப்பின் பயனாகும்.

நிக்கி ஜியோவானி எழுதி, பிரையன் காலியர் ஓவியந்தீட்டிய ‘ரோசா’ (2005) என்னும் படநூல் ராபின்சனையும் அம்மன்றத்துப் பெண்களையும் கதைக்குள் கொணர்கிறது. அதன் மடிப்புப் பக்கத்தை விரித்தால் மக்கள் திரளே காட்சி தருகிறது.

வீரம் தனியொருவர்க்கே உரியதெனக் கற்கும் குழந்தை, உரிமையைப் பிறர் பெற்றுத் தருவர் எனக் காத்திருக்கக்கூடும். ஆதலின், கதையை எளிமையாக்கும்போதும் அமைப்புகளின் பணியை விட்டுவிடாமை சிறுவர் வரலாற்று நூலாசிரியரின் கடமையாகிறது.