வெட்கத்தை யார் சுமத்தினார்கள்?



இந்த ஆண்டு நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், ஒருவர் தம் பாலீர்ப்பைக் குறித்துப் பெருமிதம் கொள்ளலாமா என்பது. இதை அறிவித்தவுடன் நம் மன்றத்துக்குள்ளேயே இரண்டு கேள்விகள் எழுந்தன. குடிசைகள் எரிகிற நாட்டில் இது நமக்குத் தேவையா என்பது ஒன்று. அதற்கான விடை பேச்சின் போக்கில் வரும். மற்றொன்று கூர்மையானது. “பிறப்போடு வந்த ஒன்றில் பெருமை கொள்வதுதானே சாதித் திமிர்? ஆண்ட பரம்பரை என்று ஃபிளக்ஸ் வைப்பவனைக் கண்டிக்கிற நாம், வானவில் கொடி பிடித்துப் பெருமை பேசுகிறவர்களை மட்டும் எந்த நியாயத்தில் ஆதரிப்பது?” என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். விடையையும் உண்மையாகவே தேட வேண்டும். அதை வரலாற்றில்தான் தேட முடியும். முதலில் நம்முடைய வரலாற்றில்.

1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. அன்று அந்தச் சொல் தெருவில் வசையாகப் புழங்கியது. வசையாக எறியப்பட்ட சொல்லையே எடுத்து இதழின் தலைப்பில் அச்சிட்டார் அவர். அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். அது எதிரிகள் சூட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். இரண்டு வழிகளும் எதிரெதிரானவை போலத் தெரியும். ஆனால் நாம் இழிந்தவர்கள் அல்ல என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இழிபெயரை நிமிர்ந்து சொல்வதா, தூக்கி எறிவதா என்பதில்தான் வேறுபட்டார்கள்.

சீனிவாசன் சாதிப் பெருமை பேசினார் என்று நம்மில் யாராவது சொல்வோமா? சொல்ல மாட்டோம். அவர் அந்தப் பெயரைக் கொண்டு யாரையும் கீழே தள்ளவில்லை. தம்மேல் சுமத்தப்பட்ட வெட்கத்தைச் சுமத்தியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். ஆக, பெருமை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு காரியங்கள் இருக்கின்றன. இன்னொருவன் தாழ்ந்தவனாக இருந்தால் மட்டுமே நிற்கக்கூடிய பெருமை ஒன்று. நானும் மனிதன் என்று தலை நிமிர்கிற பெருமிதம் இன்னொன்று. நம் தோழர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல, தன்பாலீர்ப்பாளர்களின் பெருமிதம் இவற்றில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். அதற்கு, அவர்கள்மேல் வெட்கம் எப்படிச் சுமத்தப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வெட்கத்தை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான், அதற்கு முன் இங்கே எல்லாம் சுதந்திரமாக இருந்தது என்று சிலர் கோயில் சிற்பங்களைக் காட்டுகிறார்கள். அம்பேத்கர் எரித்த மனுஸ்மிருதியைத் திறந்து பார்த்தால் வேறு செய்தி கிடைக்கிறது. ஆணோடு ஆண் கூடுவதைச் சாதியை இழக்கச் செய்யும் பாவங்களில் ஒன்றாக அது வைக்கிறது. பெண்ணோடு பெண் கூடினால் அபராதம் முதல் விரல்களை வெட்டுவது வரை தண்டனை சொல்கிறது. காலனி அரசு இதற்குத் தன் பங்கைச் சேர்த்தது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. பல சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பட்டியலிட்ட அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது. அவர்கள் பெயரைப் பதிவு செய்யவும், பெண் உடையில் பொது இடத்தில் தோன்றினால் தண்டிக்கவும் வழி செய்தது. பாலீர்ப்பு வேறு, பாலின அடையாளம் வேறு. ஆனால் ‘பிறப்பிலேயே குற்றவாளி’ என்ற முத்திரையை ஒரே சட்டத்தின் இரண்டு பக்கங்களில் குத்தியிருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இனி ‘பெருமிதம்’ என்ற சொல்லுக்கு வருவோம். அது வசதியானவர்களின் வரவேற்பறையில் பிறந்த சொல் அல்ல. ஃபிராங்க் கேமினி என்ற அமெரிக்க வானியலாளர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக 1957இல் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பத்தாண்டுக்கும் மேல் போராடிய பின் 1968இல் அவர் ஒரு முழக்கத்தை உருவாக்கினார்: தன்பாலீர்ப்பு நல்லதே. கறுப்பின மக்களின் ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கத்தைப் பார்த்துத்தான் அதை அமைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1969 ஜூன் 28 அதிகாலை, நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்தபோது அங்கிருந்தவர்கள் கூட்டமாக எதிர்த்து நின்றார்கள். அந்த நாட்களின் முன்னணியில் மார்ஷா ஜான்சன் என்ற கறுப்பினத்தவரும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியில் வந்த சில்வியா ரிவேராவும் நினைக்கப்படுகிறார்கள். இருவருமே தெருவில் வாழ்ந்தவர்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் நடந்த ஊர்வலமே இன்று உலகெங்கும் நடக்கும் பெருமிதப் பேரணிகளின் தொடக்கம்.

அதே 1970 ஆகஸ்டில் கறுப்புச் சிறுத்தைகள் கட்சியின் ஹியூ நியூட்டன் ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டார். தன்பாலீர்ப்பாளர்களைக் கண்டு நமக்குள் எழும் அச்சத்தை ஒப்புக்கொள்வோம். அவர்களும் ஒடுக்கப்பட்டவர்களே, அவர்களோடு கூட்டணி வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1972இல், அந்தக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைப் பின்பற்றித்தான் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றினார்கள். பெயரை நாம் வாங்கிக்கொண்டோம். நியூட்டன் சொன்ன சொல்லை வாங்கிக்கொள்ளவில்லை.

வாங்காததால் ஓர் இயக்கம் எதை இழக்கக்கூடும் என்பதற்குக் கறுப்பின வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் திரண்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைச் சொன்ன அந்தப் பேரணியை ஏற்பாடு செய்தவர் பேயார்ட் ரஸ்டின். பேருந்து முதல் குடிநீர் வரை, ஒலிபெருக்கி முதல் கழிப்பறை வரை திட்டமிட்டவர் அவர். அவர் தன்பாலீர்ப்பாளர், அதற்காக 1953இல் கைது செய்யப்பட்டவர். 1960இல் கறுப்பின அரசியல்வாதி ஒருவர் இதை வைத்து மிரட்டியபோது கிங்கின் வட்டத்திலிருந்து அவர் விலக நேர்ந்தது. 1963இல் நிறவெறியரான செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், பேரணியை உடைக்க ரஸ்டினின் கைது விவரத்தை அவையிலேயே எழுப்பினார். இந்த முறை மூத்த தலைவர் பிலிப் ராண்டால்ஃப் அவரைக் கைவிடவில்லை. பேரணி நடந்தது. ரஸ்டினை மீண்டும் விலக்கியிருந்தால் வென்றிருக்கப் போவது தர்மண்ட்தான். நம்மவர் ஒருவரின் வெட்கம் எப்போதும் எதிரியின் கையில் ஆயுதமாகிறது. அதைப் பிடுங்க ஒரே வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று முதலில் நாம் சொல்லிவிடுவது.

இனி, ‘இது நமக்குத் தேவையா’ என்ற முதல் கேள்வி. அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரை, சாதியின் அடிப்படை அகமணம் என்று நிறுவியது. யார் யாரை மணக்கலாம் என்று கட்டளையிடாமல் சாதியால் ஒரு தலைமுறைகூட உயிர்வாழ முடியாது. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டியது அந்தக் கட்டளைதான். தன் மகள் யாரை நேசிக்கிறாள் என்பது தன் மானம் என்று நினைக்கிற குடும்பம், மகள் இன்னொரு பெண்ணை நேசித்தாலும் அதே கதவைத்தான் பூட்டுகிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், தன்பாலீர்ப்புள்ள 25 வயதுப் பெண்ணைப் பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர் விருப்பப்படி செல்லலாம் என்ற நீதிமன்றம், குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் சொன்னது. சாதி ஒழிப்பைப் பேசுகிறவர்களுக்கு இது அயலார் வழக்கு அல்ல.

அம்பேத்கர் இதை அயலாகக் கருதவில்லை. ர.தோ. கர்வே நடத்திய ‘சமாஜ் ஸ்வாஸ்த்யா’ என்ற மராத்தி இதழ், தன்பாலீர்ப்பு உள்ளிட்ட பாலியல் ஐயங்களுக்கு வாசகர்களிடம் வெளிப்படையாகப் பேசியது. ஆபாச வழக்குப் பாய்ந்தது. 1934இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கர்வேக்காக வாதாடியவர் நம் பாபாசாகேப். வழக்கில் தோற்றார்கள். ஆனால் நமக்குத் தொடர்பில்லாத சங்கதி என்று அவர் ஒதுங்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு பெருமிதப் பேரணிகளின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் சுமார் பதினைந்து பேர் நடந்ததுதான் இந்தியாவின் முதல் பேரணி. 2009 ஜூன் கடைசியில் சென்னை மெரினாவில் நடந்தார்கள். சில நாட்களில் டெல்லி உயர் நீதிமன்றம் 377ஐ மட்டுப்படுத்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2018 செப்டம்பர் 6இல், வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. இந்தப் போராட்டத்துக்குள்ளும் சாதி இருந்தது. 2015இல் டெல்லிப் பேரணியில் சில இளைஞர்கள் தாங்கள் தலித்துகளும்கூட என்று அட்டை பிடித்து நடக்க வேண்டியிருந்தது. திருநங்கையருக்கு இடஒதுக்கீட்டுக்குள் உள்ஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கையர் தனியே போராட வேண்டியிருந்தது. 1973 நியூயார்க் பேரணியில், சிறையில் வாடும் ஏழைத் திருநங்கையரைப் பற்றிப் பேச மேடையேறிய சில்வியா ரிவேராவையே கூட்டம் கூச்சலிட்டு அவமதித்தது. தனக்குக் கீழே ஒருவரைத் தேடிக்கொள்ளும் கணத்தில் எந்தப் பெருமிதமும் முதல் வகைப் பெருமையாகச் சரிந்துவிடும். அவர்களுக்கும் இது பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

நமக்குப் பொருந்துவதைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் நம் மன்றத்தின் இதழுக்குக் காதல் கவிதை ஒன்று அனுப்பினார். நம் சேரிப் பையன்; முதல் தலைமுறைப் பட்டதாரி. கவிதையில் அவர் காதலித்தது ‘அவனை’. ஆசிரியர் குழுவில் உட்கார்ந்து பேசி, கைத்தவறாக இருக்கும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, ‘அவளை’ என்று திருத்தி அச்சிட்டோம். கைத்தவறு அல்ல என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இதழ் கிடைத்த பிறகு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பின் நமக்கு எதுவும் அனுப்பவும் இல்லை. நம் பெயர்களைத் திருத்தி எழுதிய பள்ளிக்கூடப் பதிவேடுகளைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறோம்! ஒற்றை எழுத்தை மாற்றி அதே வேலையை நாமும் செய்தோம்.

ஆகவே தோழரின் கேள்விக்கு நம் விடை இது. பாலீர்ப்பு ஒரு சாதனை அல்ல. அதற்காக யாரும் மார்தட்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்காகக் கூனிக் குறுகும்படி மனுவும் மெக்காலேயும் குடும்பமும் விதித்திருக்கிற வரை, குறுக மறுப்பதற்குப் பெருமிதம் என்றுதான் பெயர். அதைக் கொள்ளலாம், கொள்ளும் உரிமை உண்டு. கட்டாயம் இல்லை. ஊரில் வேலையும் உயிரும் போய்விடும் என்று மறைத்து வாழ்கிறவரைக் கோழை என்று சொல்லும் தகுதி யாருக்கும் கிடையாது. இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். சாதி ஒழிய வேண்டியது. பாலீர்ப்பு ஒழிய வேண்டியதல்ல. அதன்மேல் ஏற்றிய வெட்கம்தான் ஒழிய வேண்டும்.

அந்த இளைஞருக்கு நடுவயது ஆகியிருக்கும். இந்த அச்சு நூல் அவர் கைக்கும் போய்ச் சேரலாம். அவர் இசைந்தால் அந்தக் கவிதையை, அவர் எழுதியபடியே, வருத்தம் தெரிவித்து நம் இதழில் மீண்டும் வெளியிடுவோம் என்று இந்த மேடையில் சொல்கிறோம்.

ஜெய்பீம்.