ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின்

உங்க கார்ல ஸ்டியரிங்குக்குக் கீழே குனிஞ்சு பாருங்க. 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட். வீட்டு வாசல்லயே காரோட கோளாறைத் தேட இது உதவுது. ஆனா இது பிறந்தது கார் ஓனருக்காக இல்ல. லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தால.

அந்தப் புகையோட போராடிய கலிபோர்னியா, 1988 மாடல்லேர்ந்து ஒரு விதி போட்டது: புகைக் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டா, கார் தானே சொல்லணும். ஆனா கம்பெனிக்கு ஒரு சாக்கெட், கம்பெனிக்கு ஒரு கோட். 1996-லதான் அமெரிக்கா முழுக்க எல்லாம் பொதுவாச்சு. பி0301 வந்தா, எந்த கம்பெனி கார்னாலும் முதல் சிலிண்டர்ல மிஸ்ஃபயர்.

அப்புறமும் ரிப்பேர் தகவல்ல நிறைய கம்பெனிகள் கையிலயே இருந்தது. ஓனருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் அதைத் தரணும்னு 2012-ல மாசசூசெட்ஸ் மக்கள் ஓட்டுப் போட்டாங்க.

ஆனா ஒண்ணு: கோட் சொல்றது அறிகுறியை, நோயை இல்ல. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரானு அது சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார்னா, இன்ஜினை அணைச்சிட்டு, முதல் சிலிண்டர் காயிலையும் ரெண்டாவது காயிலையும் இடம் மாத்துங்க. கோட் பி0302-ஆ மாறினா, காயில்தான் குற்றவாளி. மாறலையா? புது காயிலுக்குக் காசு கொடுக்காதீங்க. பிளக்கைக் கழட்டிப் பாருங்க.