மூக்கும் மானமும்: ஒரு தழும்பின் வரலாறு

தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் குணமாகி வீடு திரும்புகிறார். நோய் போய்விடுகிறது, தழும்பு தங்கிவிடுகிறது. அந்தத் தழும்பின் பாரம் யாருடையது? சுமப்பவருடையதா, பார்ப்பவருடையதா? இதுதான் இன்று நம் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. சிகிச்சையைப் பற்றிப் பேச மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் வரலாற்றின் பக்கம் நின்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நம் மொழியைப் பார்ப்போம். ஒருவரை அவமானப்படுத்துவதை நாம் எப்படிச் சொல்கிறோம்? மூக்கை அறுத்துவிட்டான் என்கிறோம். கம்பராமாயணத்தில் கும்பகருணன் சுக்கிரீவனிடம் மூக்கையும் காதுகளையும் இழக்கிறான். பிறகு இராமனிடம் ஒரு வரம் கேட்கிறான். அவன் உயிர்ப்பிச்சை கேட்கவில்லை. மூக்கில்லாத என் முகத்தை முனிவர்களும் தேவர்களும் பார்க்க வேண்டாம், தலையை அறுத்துக் கடலில் போட்டுவிடு என்று கேட்கிறான். சாவுக்கு அஞ்சாத மாவீரன் பிறர் பார்வைக்கு அஞ்சினான்.

அதே தமிழில்தான் விழுப்புண் என்ற சொல்லும் இருக்கிறது. போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணைச் சங்க காலம் பெருமையாகப் போற்றியது. முதுகில் பட்ட புண்ணை இழிவாகக் கருதியது. ஆகவே தழும்புக்கென்று சொந்தமாக மானமும் கிடையாது, அவமானமும் கிடையாது. ஊர் அதற்கு என்ன கதை கட்டுகிறதோ, அதுதான் அதன் மதிப்பு.

பழைய இந்தியாவில் மூக்கை அறுப்பது ஒரு தண்டனையாகவும் இருந்தது. மூக்கில்லாதவரைக் கண்டால் குற்றவாளி என்று ஊர் முடிவு கட்டிவிடும். அதனால்தான் இழந்த மூக்கைத் திரும்ப அமைக்கும் கலையும் இங்கே வளர்ந்தது. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு அமைக்கும் முறையைச் சுசுருத சம்கிதை விவரிக்கிறது.

அந்தக் கலை வெளியுலகுக்குத் தெரியவந்த கதை சுவையானது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டியவர் கவாஸ்ஜி என்ற மராட்டியர். திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். சுமார் ஓராண்டு மூக்கில்லாமல் வாழ்ந்தார். பிறகு பூனா அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார். மெழுகில் மூக்கின் அச்சை எடுத்து, அதை விரித்து நெற்றியில் வைத்து அளவு குறித்தார். அந்த அளவுக்கு நெற்றித் தோலை அறுத்து, புருவங்களுக்கு நடுவே மட்டும் இணைப்பை விட்டுவைத்து, கீழே திருப்பி ஒட்டினார். 1794ஆம் ஆண்டு இலண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழ் இதைப் படத்துடன் வெளியிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1814இல் தாமே இவ்வறுவையைச் செய்து, 1816இல் நூலாக எழுதினார்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள், நேயர்களே. மயக்க மருந்து இல்லாத காலம் அது. மூக்கில்லாமலும் மூச்சு விடலாம், சாப்பிடலாம், மாடு ஓட்டலாம். அப்படியிருந்தும் கவாஸ்ஜி கத்தியின் வலியைத் தாங்கினார். நெற்றியில் புதிய தழும்பு விழும் என்பதையும் ஏற்றுக்கொண்டார். நாலு பேர் நடுவே மனிதராக வாழ வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்ல முடியுமா?

இப்போது புக்கிட் மேராவுக்கு வருவோம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையும், 1999இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் நிலையமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. பொது மருத்துவமனை 1882இல் இங்கே வந்தபோது இந்த இடத்துக்குச் சிப்பாய் லைன்ஸ் என்று பெயர். இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்ததால் வந்த பெயர் அது. கவாஸ்ஜிக்குச் செய்யப்பட்ட அந்த நெற்றித் தோல் முறை, பல மாற்றங்களோடு, இன்றும் உலகெங்கும் ஒட்டறுவை மருத்துவர்கள் கற்கும் பாடம். மூக்கில் வந்த புற்றை அகற்றிய பள்ளத்தை மூட அது பயன்படுகிறது.

தோல் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகை, வெயில் படும் முகத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. அதிலும் மூக்கு முக்கியமான இடம். அது உடலின் மற்ற இடங்களுக்குப் பரவுவது அபூர்வம். ஆகவே நோயாளி பிழைத்துக்கொள்கிறார். அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் மோஸ் 1930களில் உருவாக்கிய முறையில், தோலை அடுக்கடுக்காக அகற்றி நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இல்லாத இடத்தோடு நிறுத்திவிடலாம். எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் ஓர் அடையாளம் மிஞ்சவே செய்யும். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் தழும்பு தடித்து வளர்வதும், கறுத்துப் போவதும் அதிகம்.

அப்போது உறவினர் வந்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று ஆறுதல் சொல்வார். சொல்பவரின் எண்ணம் நல்லதுதான். ஆனால் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கத் தயங்கும் ஒருவருக்கு அது வாயை அடைக்கும் சொல்லாகிவிடுகிறது. உயிர் பிழைத்தவர் வருத்தப்படக் கூடாதா என்ன? மின்தூக்கியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இறங்குவதும், கல்யாண வீட்டில் புகைப்படத்துக்கு நிற்காமல் நழுவுவதும், காப்பிக்கடையில் சுவரைப் பார்த்து உட்காருவதும் அந்த வருத்தத்தின் அடையாளங்கள்.

இதற்கு ஊர் என்ன செய்ய முடியும்? இங்கிலாந்தின் இரண்டு ஊர்கள் இரண்டு விதமாக விடை சொல்லின. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக 1917இல் சிட்கப் என்ற ஊரில் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஹரால்ட் கில்லிஸ் அங்கே மிகச் சிறந்த சிகிச்சை அளித்தார். ஆனால் ஊருக்குப் போகும் சாலையில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசினார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவரின் முகம் உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று வழிப்போக்கருக்கு எச்சரிக்கை!

இரண்டாம் உலகப் போரின்போது ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில், தீக்காயம்பட்ட விமான வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர் ஆர்ச்சிபால்ட் மெக்கின்டோ. அவர் ஊராரிடம் பேசினார். இவர்களை வீட்டுக்கு அழையுங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊரும் கேட்டது. வீரர்கள் 1941இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். முறைத்துப் பார்க்காத ஊர் என்ற நற்பெயர் அந்த ஊருக்கு இன்றும் நிலைத்திருக்கிறது.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று வேலூரில் உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நோய் குணமாகி, கையும் வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் அமுங்கிய மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் பார்த்த ஊர், அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை. ஆகவே மூக்கையும் புருவத்தையும் சீரமைக்கும் அறுவைகளும் அங்கே செய்யப்பட்டன. ஊரின் கண்ணுக்காக நோயாளி மறுபடியும் கத்திக்கு உடம்பைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே என் பதில் இதுதான். தழும்பின் வலி சுமப்பவருடையது. அதன் பாரத்தில் பெரும்பகுதி நம்முடையது. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. அந்த வீட்டுப் பிள்ளையின் திருமணப் பேச்சில் தழும்பைக் காரணம் காட்டுவது நியாயமும் ஆகாது. பேசும்போது தழும்பைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். அவராகச் சொல்ல வந்தால் இடைமறிக்காமல் கேளுங்கள். குடும்பத்தார் மருத்துவரிடம் தழும்பைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் தயங்காமல் கேட்கலாம். தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை வெயில் படாமல் காப்பது நல்லது. வாரக்கணக்கில் ஆறாத புண்ணையும், உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகத் தோன்றும் கறுப்பையும் உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சீக்கிரம் கண்டால் கத்தி படும் இடமும் சிறியதாகும்.

நோயோடு போராடி வென்றவரின் முகத்தில் இருப்பதும் விழுப்புண்தான், நேயர்களே. அடுத்த முறை மின்தூக்கியில் அவரைக் கண்டால், எந்த மாடி என்று கேட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.